ரெகுலேட்டர் சுடத்தான் செய்யும்

போன மாதம் என் பைக்கின் ரெகுலேட்டர், அதாவது எஞ்சின் உண்டாக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அளவாக அனுப்பும் பெட்டி, செத்துப்போனது. பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் 12.1 வோல்ட்டைத் தாண்டவில்லை. புதியதை மாட்டினேன், 14.2 வந்தது, வேலை முடிந்தது. ஆனால் பழையதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. உள்ளங்கையில் அடங்கும் அலுமினியப் பெட்டி, முதுகில் விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தகடுகள், வயிற்றுப் பக்கம் முழுக்கக் கறுப்புப் பிசின். இத்தனை வருடம் பைக்கை ஓட்டிய நான் அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஹீட் கன்னால் பிசினைச் சூடாக்கி, தட்டை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். இரண்டு மாலைகள் ஆயின.

உள்ளே பெரிய துண்டுகள் ஒன்பது. ஆறு டயோடுகள், மூன்று தைரிஸ்டர்கள் (கேட் என்ற காலில் ஒரு தட்டு தட்டினால் மின்சாரத்தை விடும் சுவிட்சுகள்). ஓரமாக ஒரு சின்ன போர்டு, அதில் ஒரு ஜீனர் டயோட் (குறிப்பிட்ட வோல்டேஜைத் தாண்டினால் மட்டும் கடத்துவது), ஓரிரு டிரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர். அவ்வளவுதான்.

டயோடுகளின் வேலை எளிது. எஞ்சின் பக்கத்தில் சுற்றும் காந்தம் காயிலில் ஏசி மின்சாரத்தை உண்டாக்குகிறது. மூன்று காயில் வயர்கள் (பல பைக்குகளில் மூன்றும் மஞ்சள்) ரெகுலேட்டருக்குள் வருகின்றன. ஆறு டயோடுகளும் சேர்ந்து அதை ஒரே திசையில் ஓடவைத்து டிசி ஆக்குகின்றன. இதுதான் ரெக்டிஃபையர் பாதி. வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது மறுபாதி.

இனிமேல்தான் விஷயமே. காரில் இருக்கும் ஆல்டர்னேட்டரில் சுற்றுவது மின்காந்தம், அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் குறைத்தால் உற்பத்தியும் குறைந்துவிடும். பெரும்பாலான பைக்குகளில் சுற்றுவது நிலைக்காந்தம். அதன் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ வழியே கிடையாது. எஞ்சின் வேகம் ஏற ஏற காயிலின் வோல்டேஜும் ஏறிக்கொண்டே போகும். கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியை) கழற்றிவிட்டு இரண்டு மஞ்சள் வயர்களுக்கு நடுவே அளந்தால் 5000 ஆர்பிஎம்மில் 50, 60 வோல்ட் ஏசி சாதாரணமாக வரும். பேட்டரிக்கு வேண்டியதோ 14 சொச்சம். 15-ஐத் தாண்டி நாள்கணக்கில் கொடுத்தால் பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றிவிடும். மிச்சத்தை என்ன செய்வது?

ஷார்ட் செய்துவிடுவது. நிஜமாகவே அதுதான். சின்ன போர்டு பேட்டரி வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய 14.4-ஐத் தாண்டியதும் ஜீனர் கடத்த ஆரம்பிக்கும், டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு மூன்று தைரிஸ்டர்களின் கேட்டுக்கும் ஒரு தட்டு கொடுக்கும். உடனே அவை காயில் வயர்களை நேராக எர்த்தோடு, அதாவது பேட்டரி நெகட்டிவ் பக்கத்தோடு, இணைத்துவிடும். காயிலில் இருந்து வரும் மின்சாரம் பேட்டரிக்குப் போகாமல் காயிலுக்கே திரும்பிவிடுகிறது. பேட்டரியில் இருப்பது பின்பக்கமாக ஓடிவிடாமல் டயோடுகள் தடுத்துக்கொள்ளும்.

தைரிஸ்டருக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை தட்டிவிட்டால், தன் வழியே ஓடும் மின்சாரம் பூஜ்யத்துக்கு வரும்வரை திறந்தேதான் இருக்கும், நடுவில் மூடச் சொன்னால் கேட்காது. காயிலில் இருப்பது ஏசி என்பதால் பூஜ்யம் தானாகவே வந்துவிடுகிறது. காந்தத்தில் 12 துருவங்கள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 6 அலைகள், 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 600. அந்த 600 அலைகளில் எவ்வளவை உள்ளே விடுவது, எவ்வளவைத் திருப்பி அனுப்புவது என்பதுதான் இந்தப் பெட்டியின் இடைவிடாத கணக்கு. அதனால் வெளியே வருவது வழவழப்பான டிசி அல்ல, துண்டு துண்டான துடிப்புகள்தான், அவற்றைச் சமன் செய்வது பேட்டரி. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், அந்தத் துடிப்புகள் நேராக பல்பிலும் இசியூவிலும் (எஞ்சினை நடத்தும் கணினியிலும்) போய் இறங்கும்.

ஷார்ட் என்றதும் எனக்கும் முதலில் பகீரென்றது. காயில் எரிந்துபோகாதா? இங்கேதான் எனக்கு இந்த வடிவமைப்பின் மேல் பிரியமே வந்தது. வேகம் ஏறினால் காயிலின் வோல்டேஜ் ஏறுகிறது, கூடவே அலைகளின் எண்ணிக்கையும் அதே அளவில் ஏறுகிறது. அலை வேகமாக மாற மாற காயில் தன் இண்டக்டன்ஸால் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணத்தால்) அதை அதிகமாக எதிர்க்கும். தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் ஒரே விகிதத்தில் கூடுவதால் மின்னோட்டம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறுவதே இல்லை. ஷார்ட் செய்தாலும் ஏறக்குறைய அதே ஆம்பியர்தான். காயிலே தனக்கு ஒரு வரம்பு போட்டுக்கொள்கிறது.

ஆனால் அந்த ஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பேட்டரி நிரம்பி, விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தாலும் காயிலிலும் ரெகுலேட்டரிலும் முழு மின்னோட்டம்தான். டயோடிலும் தைரிஸ்டரிலும் ஆளுக்கு ஒரு வோல்ட் போல விழும். 15 ஆம்பியர், 2 வோல்ட் என்றால் 30 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் அளவு! அதை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மணிக்கணக்கில் எரியவிட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான். ஹெட்லைட்டை அணைத்தால் ரெகுலேட்டருக்கு ஓய்வு கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள், கிடைக்காது. மின்சாரம் போகும் பாதைதான் மாறும். கை வைத்தால் சுடுகிறது, அதனால் பழுது என்று நல்ல ரெகுலேட்டரைக் கழற்றி எறிவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சுடுவது அதன் தொழில்.

இந்த யோசனை புதிதும் அல்ல. 1960களின் பிரிட்டிஷ் பைக்குகளில் லூகாஸ் நிறுவனத்தின் பெரிய ஜீனர் டயோட் ஒன்றை அலுமினியத் துண்டில் பொருத்தி, மிச்சத்தை முழுக்க அதன் வழியே சூடாக வெளியேற்றினார்கள்.

இப்போது மாற்று உண்டு. தைரிஸ்டருக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டரைப் போட்டால் விழும் வோல்டேஜ் மிகக் குறைவு, சூடும் குறையும். ஷிண்டென்ஜென்னின் எஃப்எச்020 அந்த வகை. சீரிஸ் ரெகுலேட்டர் ஷார்ட்டே செய்யாது, தேவையில்லாதபோது காயில் வயரைத் துண்டித்துவிடும், காயிலும் குளிர்ச்சியாக இருக்கும். அதே நிறுவனத்தின் எஸ்எச்775 இந்த ரகம். அப்படித் துண்டிக்கும்போது காயிலில் வோல்டேஜ் எகிறும் என்பதால் அதன் மேல்பூச்சு நன்றாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது சீரிஸ்தான்.

சரி, என் ரெகுலேட்டர் ஏன் செத்தது? டயோட் ஆறையும் மல்டிமீட்டரில் பார்த்தேன், ஒவ்வொன்றும் ஒரு திசையில் 0.5 சொச்சம் காட்டியது, மறு திசையில் ஒன்றுமில்லை. எல்லாம் நலம். தைரிஸ்டர் எதுவும் ஷார்ட் ஆகவில்லை. அப்புறம் லென்ஸை வைத்துப் பார்த்தால், பேட்டரிக்குப் போகும் சிவப்பு வயரைப் பற்றவைத்த இடத்தில் ஈயத்தைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒரு விரிசல். தினமும் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, விரிந்து சுருங்கியே விட்டுப்போயிருக்கிறது. உள்ளே எல்லாம் உயிரோடிருக்க, வாசல் மட்டும் அடைபட்டுவிட்டது.

அதனால் புதியதை மாட்டும்போது இரண்டு காரியம் செய்தேன். பழையது இருந்த இடம் சீட்டுக்கு அடியில் காற்றே படாத மூலை. இதைக் காற்று நேராக அடிக்கும் இடத்தில், சட்டத்தின் உலோகத்தோடு ஒட்டி முடுக்கினேன். அடுத்தது கப்ளர். பச்சைப் பூத்த முனையில் 0.05 ஓம் தடை இருந்தாலும் 10 ஆம்பியரில் அரை வோல்ட் அங்கேயே காணாமல் போகும், 5 வாட் சூடு அந்த பிளாஸ்டிக்கை உருக்கும். ரெகுலேட்டர் தன் வாசலில் 14.4 இருக்கிறது என்று திருப்தியாக இருக்கும், பேட்டரிக்கு 13.9-தான் போய்ச் சேரும். எர்த் பக்கமும் அப்படியே என்றால் 13.4. வோல்டேஜைப் பார்க்கத் தனி வயர் உள்ள மாடல்களில் அந்த வயரின் முனை கெட்டால் நேர் எதிர்: குறைவாக இருக்கிறது என்று நினைத்து அதிகமாகத் தள்ளும். முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து அழுத்திவிட்டு, எஞ்சின் ஓடும்போது ரெகுலேட்டரின் சிவப்பு முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 0.08 வோல்ட்.