மோன்பாசியே: வளைவுகளுக்கு அடியில் ஒரு சந்தை

பிரான்சின் தென்மேற்கில், டோர்டோன்யு பகுதியில் இருக்கிறது மோன்பாசியே. பெர்ஜராக் வரை ரயிலில் போய், அங்கிருந்து காரில் போனோம். கோட்டை வாசல் ஒன்றைத் தாண்டி நேராக நடந்தால் சதுக்கம் வந்துவிடும். வழி தவற வாய்ப்பே இல்லை. முதலிலேயே கயிறு பிடித்து அளந்து, குறுக்கும் நெடுக்குமாகத் தெரு போட்டுக் கட்டிய ஊர் இது.

1284-ல் இதை நிறுவியவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட். அப்போது இந்த ஊர் அடங்கிய அக்கித்தேன் பகுதிக்கு அவர்தான் கோமகன். குடியேற வந்தவர்களுக்கு ஒரே அளவில் மனை பிரித்துக் கொடுத்தார்கள். இப்படித் திட்டமிட்டு எழுப்பிய ஊர்களை அங்கே பாஸ்டீட் என்கிறார்கள். நடுவில் கோயில் இல்லை, சந்தை! தேவாலயம் ஒரு மூலைக்குத் தள்ளித்தான் நிற்கிறது.

சதுக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகள்தான் என்னை அசையவிடாமல் நிறுத்தின. கீழே கல் வளைவுகள், அதன்மேல் மாடி. மாடி வீட்டுக்காரருடையது, வளைவுக்கு அடியில் உள்ள நடை ஊருக்கே பொது. வெயிலோ மழையோ, சந்தைக்கு வந்தவர் நனையாமல் சுற்றி வரலாம். ஒரு வளைவு கூராக உயர்ந்திருக்கிறது, பக்கத்து வீட்டுடையது தாழ்ந்து அகலமாக இருக்கிறது. இடிந்ததை அந்தந்தக் காலத்து ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த பாணியில் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஒழுங்கின்மைதான் பிடித்தது. வீட்டுக்கு வீடு நடுவே சுமார் ஒரு சாண் அகலத்தில் சந்து விட்டிருக்கிறார்கள். தீ தாவாமல் இருக்கவும் கழிவுநீர் ஓடவும் அந்த இடைவெளி.

தெற்குப் பக்கத்தில் மரத்தூண்கள் தாங்கும் சந்தைக் கொட்டகை. 16-ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். உள்ளே தானியம் அளந்த பழைய அளவைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. தொட்டுப் பார்த்தேன், விளிம்பு வழவழவென்று இருந்தது.

இந்தச் சதுக்கம் கொடுமையையும் பார்த்திருக்கிறது. வரிச் சுமை தாங்காமல் விவசாயிகள் கிளர்ந்தபோது, தலைவர்களில் ஒருவரான புஃபரோவை 1637-ல் இங்கேதான் சக்கரத்தில் கட்டி எலும்பை நொறுக்கிக் கொன்றார்கள்.

வீடுகள் பலவும் இன்று சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். ஜன்னலை மாற்ற, சுவருக்குச் சுண்ணாம்பு பூச, கூரை ஓடு மாற்றக்கூட அனுமதி வேண்டும். வீட்டுக்காரருக்கு அது தொல்லைதான், செலவும் கூடும். ஆனாலும் அது சரி என்றே நினைக்கிறேன். அரண்மனையை யாரும் காப்பாற்றிவிடுவார்கள். வியாபாரியும் கைத்தொழிலாளியும் குடியிருந்த வீடுகளுக்குச் சட்டம்தான் துணை. மாடிகளில் இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள், வளைவுகளுக்கு அடியில் கடைகள் நடக்கின்றன. அருங்காட்சியகமாகச் செத்துப்போகாத ஊர் இது.

போகிறவர்கள் வியாழக்கிழமை காலை போங்கள், அன்றுதான் சந்தை. இலையுதிர் காலமானால் காட்டுக் காளானும் வரும். அப்புறம் மதியத்துக்கு மேல், சுமார் 8 கிலோமீட்டரில் இருக்கும் பிரோன் கோட்டையையும் பார்த்துவிடலாம்.