செயின்ட் லூசியா மணல்மேடு

போன வாரம் டர்பனிலிருந்து பேத்தியைத் தென்னாப்பிரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் லூசியா ஈரநிலத்துக்குக் கூட்டிப் போனேன். படகுக்குப் பக்கத்திலேயே நீர்யானைக் கூட்டம். "தாத்தா, இந்த இடம் யாருடையது?" என்றாள்.

அந்தக் கிழக்குக்கரை மணல்மேடுகளில் டைட்டானியம் தோண்டப் பெரும் முயற்சி நடந்தது. 1996-இல் மண்டேலா அரசு அதை மறுத்து, இயற்கையைக் காத்துச் சுற்றுலா வளர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. 1999-இல் அந்த ஈரநிலப் பூங்கா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது பூங்காவின் பெயர் இசிமங்கலிசோ.

சரி, அரசு சாலையும் தங்குமிடமும் கட்டினால் போதுமா? அங்கிருந்து முன்பு வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு முதலில் வேலை வேண்டும். ஆறு வயதில் வீட்டை இழந்து, நிறவெறி அரசு இந்தியர்களுக்கென ஒதுக்கிய டர்பன் புறநகரான சேட்ஸ்வொர்த்துக்கு வந்தவன் நான். அந்த வலி தெரியும்.

எங்கள் படகை ஓட்டியவர் உள்ளூர் ஜூலு இளைஞர். ஒவ்வொரு பறவையின் ஜூலுப் பெயரையும் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தார்.