முப்பது ரூபாய் பழச் சர்பத்தும் முந்நூறு ரூபாய் ஆட்டோவும்

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை என்று பார்த்துவிட்டு அப்படியே ரயிலேறிவிடுகிறார்கள். நாகர்கோவில் தாண்டி மேற்கே போய், வாழைப்பழம் நசுக்கிப் போட்ட பழச் சர்பத் ஒன்று குடிக்காமல் வந்தால் அந்த மாவட்டத்தைப் பார்த்ததாகவே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் பழச் சர்பத் என்று எழுதிப் போட்டு எண்பது ரூபாய் வாங்கினார்கள். எசன்ஸ் வாடை, மிக்சியில் அடித்த கூழ், மேலே செர்ரி ஒன்று. தண்டக் காசு. உண்மையான சரக்கு கிடைத்தது தக்கலையில், பத்மநாபபுரம் அரண்மனை சுற்றிவிட்டுக் கால் வலியோடு வந்தபோது. (அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.)

பெட்டிக்கடைதான். வாழைக்குலைகள் முன்னால் தொங்குகின்றன. அண்ணாச்சி பழுத்த பழம் இரண்டைப் பிய்த்து, உரித்து, டம்ளரில் போட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்குகிறார், முழுசாக மசிய விடுவதில்லை. அதன் மேல் எலுமிச்சை பிழிந்து, நன்னாரி சர்பத் ஊற்றி, ஊறவைத்த சப்ஜா விதை ஒரு கரண்டி, ஐஸ் தண்ணீர், அப்புறம் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஒரு ஆற்று. “மிக்சி வாங்கலாமே அண்ணாச்சி” என்றேன். “அதுல அடிச்சா பழம் எங்க போச்சுன்னே தெரியாது மக்களே, வாயில தட்டுப்படணும்லா” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முதலில் எலுமிச்சைப் புளிப்பு, பின்னால் நன்னாரி மணம், இடையிடையே பல்லில் சிக்கும் பழத்துண்டு, கடைசியில் அடியில் தங்கியதை ஸ்பூனால் வழித்துத் தின்ன வேண்டும். முப்பது ரூபாய்க்கு வயிறும் நிறைந்தது, மதியச் சாப்பாட்டுக் காசும் மிச்சம்.

எல்லா வாழையும் இதற்கு ஒத்துவராது. ஏத்தனை (நேந்திரன் வாழைதான்) வறுவலுக்கும் பழம்பொரிக்கும் விட்டுவிடலாம், சர்பத்துக்கு லேசாகப் புளிக்கும் பாளையங்கோட்டான்தான் என் கட்சி. மட்டிப்பழம் போட்டும் கேட்டு வாங்கிக் குடித்தேன், மணம் தூக்கலாக இருந்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மண்ணில் விளைகிற அந்தச் சின்னப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரில் கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுவதே அதைத்தான். அப்படிப்பட்ட பழம் விளைகிற மாவட்டத்தில், சுற்றுலாப் பயணி வந்து இறங்குகிற இடத்தில் எசன்ஸ் தண்ணீரை விற்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆத்திரம் என்றதும் ஆட்டோ ஞாபகம் வருகிறது. ஆற்றுக்கு மேலே வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகிற மாத்தூர் தொட்டிப் பாலம் திருவட்டாறிலிருந்து 3 கிலோமீட்டர்தான், அதற்கு முந்நூறு ரூபாய் கேட்டார் ஒருவர். “திரும்ப சவாரி கிடைக்காது” என்றார், சரி, அதற்காக நான் இரண்டு நாள் பட்ஜெட்டைக் கொடுக்க முடியுமா? பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து போனேன். 115 அடி உயரத்தில் நின்று கீழே பறளியாற்றைப் பார்த்தபோது கோபமெல்லாம் போய்விட்டது, அது வேறு விஷயம்.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் பஸ் அடிக்கடி உண்டு, தக்கலை வழியில்தான். கடையில் குலை தொங்குகிறதா, எதிரிலேயே பழம் நசுக்குகிறார்களா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஐஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பானைத் தண்ணீரில் போட்டுத் தருகிறார்கள்.