அலாரம் எல்இடி மறுபடியும் மினுக்குகிறது

நேற்று ராத்திரி ராயபுரத்தில் எங்கள் தெருவில் வண்டியைப் பூட்டியதும் டேஷ்போர்டில் சிவப்பு எல்இடி மினுக்கியது. மூன்று வாரமாக இதற்குத்தான் காத்திருந்தேன்! வண்டி பழைய மாருதி 800, அலாரம் வெளியே வாங்கி மாட்டியது.

சைரன் அடித்தது, லாக் விழுந்தது, எல்இடி மட்டும் செத்துக் கிடந்தது. தெரிந்த எலக்ட்ரீஷியன், "மாட்யூல் போயிடுச்சுண்ணே, புதுசு போட்டுடலாம்" என்றார். மாட்யூல் என்பது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி; அதில் எல்இடி லைன் மட்டும் போக வாய்ப்புண்டு. ஆனாலும் அளந்து பார்க்காமல் தூக்கிப்போட மனசு வரவில்லை.

எல்இடியைக் கழற்றி டிஜிட்டல் மல்டிமீட்டரின் டயோடு மோடில் வைத்தேன். 1.8 வோல்ட் காட்டி மங்கலாக எரிந்தது. சரி, அப்போது வயர்தான். இங்கேதான் இரண்டு ராத்திரி போயின. எல்இடிக்கு வரும் வயரின் நுனியில் வோல்ட் அளந்தால் டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தாவிக்கொண்டே இருந்தன; கண் சிமிட்டும் நேரத் துடிப்பை அதனால் பிடிக்க முடியாது. அப்பாவின் பழைய முள் மீட்டரை வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் முள் அழகாகத் துள்ளியது. வயர் நல்லது என்று எல்இடியை மாட்டினேன். எரியவில்லை.

மறுநாள்தான் உறைத்தது. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவு; முள் மீட்டருக்கு அதைவிடக் குறைவுதான், ஆனாலும் எல்இடியைவிட மிகக் குறைந்த கரண்டைத்தான் இழுக்கும். வழியில் பெரிய தடை இருந்தாலும் மீட்டர் வோல்ட் காட்டும். எல்இடிக்கோ சில மில்லி ஆம்பியராவது வேண்டும். லைனுக்குக் குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டு அளந்தேன். முள் அசையவே இல்லை! லோடு கொடுக்காமல் அளந்த அளவை இனி நம்பமாட்டேன்.

வயரைத் தொட்டுக்கொண்டே போனால் முன் கண்ணாடி ஓரத்து இடது பில்லர் கவருக்குள் ஒரு இரண்டு பின் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பு). பின் முழுக்கப் பச்சை பூத்திருந்தது, தடையை அளந்தால் 38 கிலோ ஓம். கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது, மிச்சத்தைக் காசிமேட்டு உப்புக்காற்று பார்த்துக்கொண்டது. கப்ளரை வெட்டிவிட்டு வயர்களை நேராகச் சால்டர் செய்யப் பார்த்தேன். வயருக்குள் செம்பும் கறுத்திருந்ததால் ஈயம் ஒட்டவில்லை. பளபளப்பு தெரியும்வரை இரண்டு அங்குலம் நறுக்கிய பிறகே பிடித்தது. மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய். ரிச்சி தெருவில் அதை மீட்டர் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் உதவும்.

பில்லர் கவர் இன்னும் பின்சீட்டில்தான் கிடக்கிறது. கழற்றும்போது இரண்டு கிளிப் உடைந்துவிட்டது, புதுப்பேட்டை போக வேண்டும். ரப்பரையும் அங்கேயே பார்க்கிறேன். அதற்குள் டிக்கி சுவிட்ச் வயரைப் பிரித்துவிட்டேன், அந்தக் கப்ளரிலும் பச்சை.