செடி அழுகுது!

முதலில் கண்டுபிடித்தது மகள்தான். ஒருநாள் காலையில் கூடத்திலிருந்து கத்தினாள்: “அப்பா, செடி அழுகுது!”

போய்ப் பார்த்தேன். எங்கள் மான்ஸ்டெரா, அதாவது வெட்டும் ஓட்டையுமாகப் பெரிய இலை விடும் அழகுச் செடி, அதன் இலை நுனிகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஏழு வயதுக் குழந்தை, அழுகை என்று நினைத்துவிட்டது. சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னேன். இரவில் வேர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது ஆவியாகிப் போவது அப்போது குறைவு, அதனால் இலை ஓரத்துத் துளை வழியாகக் கசிகிறது, அழுகையெல்லாம் இல்லை என்று. எல்லாம் சரியான விஷயம்தான். மண் ஈரமாக இருந்தால்தான் இப்படி அதிகம் கசியும் என்பதும் எனக்குத் தெரியும். அதிலிருந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

சில வாரம் கழித்து அடி இலை மஞ்சளானது. “வயசான இலை, உதிரும்” என்றேன், தோட்டக்கலையில் பட்டம் வாங்கியவன் குரலில். அடுத்து அதற்கு மேல் இலை மஞ்சளானது. தொட்டியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கறுப்பு ஈக்கள் பறந்தன. அதற்கும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஒருநாள் செடி மொத்தமாகத் தலையைத் தொங்கப் போட்டது.

தொங்குகிற செடியைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்: பாவம், தாகம். ஒரு சொம்பு ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது. இன்னொரு சொம்பு. மூன்றாம் நாள் சொம்போடு போனபோது, எதிரே மனைவி காலிச் சொம்போடு வந்துகொண்டிருந்தாள்.

“நீயும் ஊத்துறியா?”

“தினமும் காலையில கொஞ்சம் ஊத்துவேன். நீங்க எதுக்கு ஊத்துறீங்க?”

விசாரணைக் கமிஷன் கூடியது. அம்மா சாயங்காலம் ஒரு டம்ளர் விடுவாராம். “பச்சப்புள்ள மாதிரி நிக்குது, தொண்டை நனையட்டும்னுதான்டா.” மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை அதன் தலையில் கவிழ்ப்பாளாம். நாலு பேரும் சொன்னது ஒரே வாக்குமூலம்: “நான் கொஞ்சம்தான் ஊத்தினேன்.”

தொட்டியைத் தூக்கினேன். கல்லுரல் கனம். வெளியே அழகுக்கு ஒரு பீங்கான் தொட்டி, அதற்குள் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டி. ஓட்டை வழியாக வடிந்த தண்ணீரெல்லாம் பீங்கானுக்குள் மூன்று அங்குல உயரத்துக்குக் குளமாக நின்றது. வாடை சாக்கடையைத் தோற்கடித்தது. அளவுக்கு மிஞ்சினால் என்று தொடங்கும் பழமொழியை எனக்கு நானே சொல்லிக்கொண்டாகிவிட்டது, நீங்கள் சொல்ல வேண்டாம்.

நாங்கள் சறுக்கிய இடம் இதுதான்: வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கிற சந்துகளில்தான் அதற்கான காற்று இருக்கிறது. அங்கே தண்ணீர் நிரம்பிவிட்டால், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் பரவும். மூச்சு முட்டிய வேர் சாகும், பித்தியம் போன்ற நீர்ப்பூஞ்சைகள் உள்ளே குடியேறும். செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகக் கால் தண்ணீரில், தலை தாகத்தில். அந்தத் தலையைப் பார்த்துத்தான் நாங்கள் மேலும் மேலும் ஊற்றியிருக்கிறோம்.

என் தர்க்கத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. மழைக்காட்டுச் செடிதானே, தண்ணீர் பிடிக்காமலா போகும் என்று நினைத்திருந்தேன். தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை இது மரத்தைப் பிடித்து ஏறி, காற்றில் வேரைத் தொங்கவிட்டு வாழ்கிற செடி. அங்கே மழை கொட்டும், ஆனால் வழிந்து ஓடிவிடும். பீங்கான் தொட்டிக்குள் நிற்காது.

சரி, அறுவை சிகிச்சை. தரையில் பழைய செய்தித்தாளை விரித்துச் செடியை உருவினேன். மண்ணைத் தட்டி, குழாயடியில் வேரை அலசினேன். நல்ல வேர் வெளிறி, விறைப்பாக இருந்தது. அழுகியது பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மட்டும் மிச்சம். 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்த கத்தரிக்கோலால் அழுகியதையெல்லாம் வெட்டினேன். பாதிக்கு மேல் போயிற்று. அது மனைவி துணி வெட்டும் கத்தரிக்கோல் என்பது பாதியில்தான் தெரிந்தது. நோயாளியைவிட மருத்துவரின் நிலைமை மோசமானது. வெட்டிய சாறு பட்டு முழங்கை வேறு அரித்தது. இந்தச் செடியில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு, கையுறை போட்டிருக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் நான் பெருமையாகப் பரப்பியிருந்த கூழாங்கற்களும் வெளியே வந்தன. வடிகாலுக்கு நல்லது என்று நம்பிப் போட்டது. மேலே உள்ள மண் சொதசொதவென்று நிரம்பும் வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் மட்டத்தைக் கல் அடுக்கு இன்னும் மேலே தூக்கி, வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

செடி பிழைக்காவிட்டால் வாரிசு வேண்டுமே என்று, ஒரு கணுவும் காற்று வேரும் இலையும் சேர வரும்படி நுனியை வெட்டிக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு வைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தண்ணியில நின்னு அழுகிடுச்சுன்னு எடுத்துட்டு, திரும்ப தண்ணியிலயே வைக்கிற?”

நியாயமான கேள்வி. டம்ளர் தண்ணீரை நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுவோம், புதுத் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும், தண்ணீருக்குள்ளேயே முளைக்கிற வேர் அதற்கேற்பவே வளரும் என்றெல்லாம் சொன்னேன். “என்னமோ பண்ணு” என்று போய்விட்டார்.

தாய்ச்செடிக்கு முன்பைவிடச் சின்னத் தொட்டி. இருக்கிற வேருக்குப் பெரிய தொட்டி கொடுத்தால், உறிஞ்ச ஆளில்லாத மண் மறுபடி ஈரத்திலேயே கிடக்கும். தொட்டி மண்ணோடு பெர்லைட் என்கிற லேசான வெள்ளைப் பொரிகல்லும் மரப்பட்டைத் துண்டுகளும் தாராளமாகக் கலந்தேன். நேர் வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலோரம். உரம் கிடையாது, வெட்டுப்பட்ட வேருக்கு அது எரிச்சல்தான்.

இதெல்லாம் ஒரு மதியத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு சும்மா இருப்பதுதான் முடியவில்லை. மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்தால்தான் தண்ணீர் என்று சட்டம் போட்டேன். மரக்குச்சியைச் செருகி எடுத்துப் பார்ப்பேன், ஈரமண் ஒட்டியிருந்தால் சொம்புக்கு விடுமுறை. மேல் மண் காய்ந்ததும் ஈக்கள் தானாகக் குறைந்தன, அவற்றின் புழுவுக்கு ஈரம் வேண்டும். ஆனால் இன்னொரு இலையும் விழுந்து இரண்டே இலையோடு அது நின்றபோது, வீட்டில் ஒவ்வொருவர் கையும் துறுதுறுத்தது. ஒருநாள் நள்ளிரவில் சமையலறையில் தண்ணீர்ச் சத்தம். எழுந்து போனால், அம்மா. “எனக்குத்தான்டா தாகம்” என்றார். நம்பினேன். காலையில் குச்சியும் அதையே சொன்னது.

ஏழாவது வாரம் புது இலை சுருளாக வந்து விரிந்தது. உள்ளங்கை அகலம், ஒரு வெட்டு, ஒரு ஓட்டைகூட இல்லை. நொந்துபோன செடி அப்படித்தான் விடும், தெம்பு வந்த பிறகுதான் ஓட்டையெல்லாம். டம்ளரில் இருந்ததும் இரண்டு வெள்ளை வேர் விட்டிருந்தது.

போன வாரம் காலையில் மறுபடி கூடத்திலிருந்து கத்தல்: “அப்பா, செடி அழுகுது!”

பெரியவர்கள் மூன்று பேரும் மூன்று அறையிலிருந்து ஓடினோம். அம்மாதான் மூச்சிரைக்கக் கேட்டார்: “எந்த அழுகுதுடி?”

மகள் புது இலையின் நுனியைக் காட்டினாள். ஒரே ஒரு சொட்டு.