பீலி இல்லாத மலையில் பிள்ளைக் குளியல்

"கைப்பிள்ளையை வாரத்துக்கு மூணு நாள் குளிப்பாட்டினா போதும்மா." சுகாதார நர்சம்மா இப்படிச் சொல்லிவிட்டுப் போனால், கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் அன்று முழுக்க அதே பேச்சுதான். இளம் தாய்மார் தலையாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த அம்மாயிகளுக்கு, அதாவது பாட்டிமாருக்குத்தான், சுருக்கென்று தைக்கும். பிள்ளையை அழுக்கோடு வைத்திருக்கச் சொல்கிறார்களா? நம்மை என்னவென்று நினைத்தார்கள்?

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அங்கே லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டின் ஒற்றை அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். ஆனால் பீலியில், மலை ஊற்று நீரை இறக்கி விழ வைத்த அந்தக் குழாயில், தண்ணீர் ஓயாது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு இறங்கியதும், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே வீடு. சுடுதண்ணி வைத்து, சவுக்காரம் போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார வைத்தால்தான் அன்றைய நாள் முடிந்ததாகக் கணக்கு. கூலிக்காரி என்று கூப்பிட்டவன் முன்னால் பளிச்சென்று நின்றது அந்தப் பிள்ளைதான். அந்த வழக்கத்தைக் குறைத்துக்கொள் என்றால் எப்படி வலிக்காது?

இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வைத்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் அம்மிக்கல்லோடு இந்த வழக்கத்தையும் சுமந்து வந்தன. இங்கேயும் தேயிலைதான், மலைதான், குளிர்தான் என்று நம்பித்தான் வந்தார்கள்.

ஆனால் இந்த மலை அந்த மலை இல்லை. இலங்கை மலையகத்தின் அட்டன், மஸ்கெலியா பக்கம் வருடத்தில் பாதிக்கு மேல் மழையும் மூடுபனியும். காற்றே ஈரமாக இருக்கும். இங்கே சனவரி முதல் மார்ச் வரை காற்று காய்ந்து கிடக்கும். ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும். கைக்குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, ஈரத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். தோலின் மேலிருக்கும் இயற்கையான எண்ணெய்ப் பசையைத் தினமும் வெந்நீரும் சோப்பும் வழித்தெடுத்தால், கன்னம் சிவந்து சொரசொரப்பாகும், முழங்கை மடிப்பு வெடிக்கும். பிள்ளை இரவெல்லாம் சொறிந்துகொண்டு தூங்காது. பூச்சி கடித்ததோ, கண்ணேறோ என்று தேட வேண்டாம். பல நேரம் காரணம் குளியலின் எண்ணிக்கைதான்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? பிறந்து 24 மணி நேரம் குளிப்பாட்டவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தொப்புள்கொடி காய்ந்து விழும் வரை, அதாவது ஒன்றிரண்டு வாரம், துடைத்தால் போதும். அதன் பிறகு தவழும் வரை வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை. தவழ ஆரம்பித்து மண்ணை அள்ளத் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள். நடக்கும் பிள்ளையை ஏப்ரல், மே வெயிலில் தினமும் குளிப்பாட்டலாம். அப்போதும் அக்குள், இடுக்கு, கை, கால் தவிர மற்ற இடத்துக்குச் சோப்பு வேண்டாம்.

குளிக்காத நாள் சும்மா விடும் நாள் இல்லை, இதை அம்மாயிகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். பால் வழிந்து தேங்கும் கழுத்து மடிப்பு, காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, பிட்டம் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, மடிப்பை விரித்து ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். முழுக்கத் துணியை அவிழ்க்காமல் பகுதி பகுதியாகத் திறந்து துடைத்து மூடினால் நடுக்கம் வராது.

குளிப்பாட்டும் நாளில் நேரம் முக்கியம். சாயங்காலம் வேலை விட்டு வந்து குளிப்பாட்டுவது இங்கே சரிப்படாது. பதினொரு மணிக்கு மேல், வாசலில் வெயில் ஏறிய பிறகு. சமையல் முடிந்து சூடு தங்கிய அடுப்படிதான் நல்ல இடம். கதவிடுக்கில் காற்று வந்தால் சாக்கு போடலாம். ஆனால் கரி போட்ட கணப்புச் சட்டியை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். காற்றுப்போக்கு இல்லாத குளியலறையில் கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை.

இனி விளாவும் கணக்கு. இந்த உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சனவரிக் குழாய்த் தண்ணீரோ 12, 14 டிகிரிதான் இருக்கும். பிள்ளைக்கு வேண்டியது 37, 38 டிகிரி. ஊற்றும்போது கொஞ்சம் சூடு இறங்குவதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு பங்கு பச்சைத் தண்ணீருக்கு ஒரு பங்கு கொதிநீர்: நாலு லிட்டருக்கு இரண்டு லிட்டர். முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். மாற்றி ஊற்றினால் பேசினின் அடி சுட்டுவிடும். மேலே இதமாக இருந்தாலும் அடியில் கொதிக்கும், ஆகவே கையால் நன்றாகக் கலக்கிவிட்டு முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் நாலில் ஒரு பங்கு வெந்நீரே போதும். திருவிழாவுக்குத் திருச்சிப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க: நம் சனவரி அளவை அங்கே விளாவினால் 50 டிகிரியைத் தொடும், பிள்ளையின் தோல் வெந்துவிடும். பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது வெந்நீரைச் சேர்க்கவும் கூடாது.

காலை நீட்டி, கணுக்காலுக்கு மேல் பிள்ளையைக் கிடத்தி வார்க்கும் அம்மாயியின் முறையை விடவே வேண்டாம். உடம்புச் சூடும் பிடிப்பும் பிள்ளைக்குக் கிடைக்கும். முகம் முதலில், பிறகு உடம்பு, தலை கடைசியில். தலை நனைந்த நேரம்தான் சூடு அதிகம் இறங்கும் நேரம். மொத்தம் ஐந்து நிமிடம். விட வேண்டியது மூக்கில் ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மார்பைப் பிதுக்குவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவே வரலாம். சாம்பிராணிப் புகையும் பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது. அடுப்பருகே காய வைத்த துண்டால் தலையைத் துவட்டினாலே போதும்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், இங்கே போத்தலில் வெள்ளை மெழுகாகத்தான் நிற்கும். கரண்டிக் காம்பால் ஒரு கட்டியைச் சுரண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் விளிம்பு முதலில் கண்ணாடியாகும், பிறகு விரலிடுக்கில் வழியும். அந்தச் சூட்டோடு, துவட்டிய மூன்று நிமிடத்துக்குள், தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். குளிக்கும் முன் பூசிப் பயத்தமாவால் தேய்த்து எடுத்துவிட்டால் தோலுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

இந்த ஊர்க் கணக்கு இப்போது எல்லார் கைக்கும் வந்துவிட்டது. கண்ணாலேயே விளாவுகிறார்கள். ஆனாலும் போகணியிலிருந்து தண்ணீர் விழும் சத்தத்தில் அம்மாயிகளின் பேச்சு பீலிக்கரைக்குப் போய்விடும்: மூங்கில் பீலியா தகரப் பீலியா, யார் வீட்டுப் பிள்ளை குளிக்க மாட்டேன் என்று தேயிலைக்குள் ஓடியது. அதற்குள் தண்ணீர் ஆறிப்போகும், மகள் அவசரப்படுத்துவாள்.

இன்றும் அட்டனிலிருந்து தொலைபேசி வந்தால் நலம் விசாரித்த கையோடு ஒரு கேள்வி வரும்: "பிள்ளைக்குத் தண்ணி வார்த்தாச்சா?" துடைத்து மட்டும் எடுத்த நாளிலும் அம்மாயி, "ஆச்சு, ஆச்சு" என்றுதான் சொல்வாள்.