கிணற்றில் முங்குமுன் மூச்சை இழுத்து இழுத்து விடாதீர்கள்

மேலூர், சோழவந்தான் பக்கம் கோடை லீவு விட்டால் தோட்டத்துக் கிணறுகளில் பையன்கள்தான். யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது என்று பந்தயம் நடக்கும். முங்குவதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார்கள். "நல்லா காத்தை நெப்பிக்கடா" என்று படியில் நிற்கும் அண்ணன்மாரே சொல்லிக் கொடுப்பார்கள். உயிரை வாங்கும் பழக்கம் இது. காரணம் மூளைத்தண்டில், அதன் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடிப்பரப்பில் இருக்கிறது.

மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் தருவது கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான். தமனி இரத்தத்தில் அதன் அழுத்தம் 40 மி.மீ. பாதரச அளவை ஒட்டி இருக்கும். 1 மி.மீ. கூடினாலே நிமிடத்துக்கு 2, 3 லிட்டர் காற்று கூடுதலாக இழுக்கிறோம். சும்மா உட்கார்ந்திருக்கையில் இழுப்பது மொத்தமே 6 லிட்டர்தான். ஆக்சிஜன் விஷயம் வேறு. அது 60 மி.மீ.க்குக் கீழே இறங்கும் வரை மூச்சின் வேகம் பெரிதாக மாறுவதில்லை.

கார்பன் டை ஆக்சைடு கூடுவதை நியூரான்கள் என்ற நரம்புச் செல்கள் மட்டுமே உணர்கின்றன என்றுதான் நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். மூளையில் அவற்றோடு இருக்கும் கிளியா செல்களுக்கு நியூரான்களைத் தாங்கிப் பிடித்து ஊட்டம் கொடுக்கும் வேலை மட்டும் என்று எண்ணினார்கள். 2010-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் அலெக்சாண்டர் கூரின் குழு எலிகளில் செய்த ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. கார்பன் டை ஆக்சைடு தந்துகி என்ற மிக நுண்ணிய இரத்தக் குழாயின் சுவரைச் சுலபமாகக் கடந்து, நீரோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 7.4-லிருந்து 7.2-க்கு இறங்கியதும், தந்துகியைப் பாதம் பதித்துச் சுற்றியிருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. செல் ஏடிபி என்ற வேதிப்பொருளை வெளியே விடுகிறது. அந்த ஏடிபி பக்கத்து ஆஸ்ட்ரோசைட்டுகளையும் எழுப்பி, மூச்சை முடுக்கும் நியூரான்களையும் தூண்டுகிறது. அங்கிருந்து கட்டளை உதரவிதானத்துக்குப் போகிறது.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி ஒன்று உண்டு. எலிக்கு அதிகப்படியாகக் காற்றூட்டி, கார்பன் டை ஆக்சைடை இறக்கி, மூச்சுக் கட்டளையே நின்றுபோகும்படி செய்தார்கள். பிறகு, ஒளிக்கு இசையும் புரதம் ஏற்றப்பட்ட ஆஸ்ட்ரோசைட்டுகள் மீது மட்டும் ஒளியைப் பாய்ச்சினார்கள். கட்டளை திரும்ப வந்தது. அதற்காக நியூரான்களுக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது. அவற்றில் சில தாமாகவே அமிலத்தை உணர்கின்றன, கழுத்துத் தமனியின் உணர்விகளும் உண்டு. எது முதன்மை என்ற விவாதம் ஓயவில்லை. எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது என் கணிப்பு.

இப்போது கிணற்றுக்கு வருவோம். வேகமாக மூச்சு வாங்குவதால் ஆக்சிஜன் கூடுவது சொற்பம், ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு சரசரவென்று இறங்கிவிடும். தண்ணீருக்குள் அது பழைய அளவுக்கு ஏறுவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகலாம். மூச்சு முட்டாது, திணறல் தெரியாது, நேரே மயக்கம். ஆழமான கிணற்றில் இன்னும் மோசம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால் நுரையீரலில் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து, கடைசி சில அடிகளில் நினைவு தப்பும்.

ஆகவே சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு முங்கினால் போதும். முட்டத் தொடங்கியதும் மேலே வந்துவிட வேண்டும், பந்தயம் வேண்டவே வேண்டாம். நீச்சல் தெரிந்த ஒருவர் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

மயங்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்துப் பாருங்கள். மூச்சில்லை என்றால் தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இங்கே உடனடித் தேவை ஆக்சிஜன், நெஞ்சை அமுக்குவது மட்டும் போதாது. பிறகு 30 அமுக்கு, 2 ஊது என்று 108 வண்டி வரும் வரை தொடருங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரியில் காட்டாமல் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் திணறலைக் கொண்டுவரும்.